டயல்-அப் மெதுவாக ஓடினால்: எங்கே தேடுவது, எதை மாற்றுவது

தொலைபேசி லைன் வழியாக அலுவலக வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்லும் புகார் ஒன்றுதான்: "நெட் ரொம்ப மெதுவா இருக்கு." அதற்குப் பின்னால் இருப்பது மூன்று வெவ்வேறு கோளாறுகளில் ஒன்று. லைன் கெட்டிருக்கலாம். லைன் நன்றாக இருந்தும், மோடமும் (கணினித் தரவைத் தொலைபேசி லைனில் போகும் ஒலியாக மாற்றும் கருவி) கணினியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில் குளறுபடி இருக்கலாம். இரண்டும் சரியாக இருந்து, அந்த ஒல்லிக் குழாய் தாங்காத அளவுக்கு நாமே வேலையைத் திணித்துக்கொண்டிருக்கலாம். எது என்று பார்க்காமல் நேரே புது மோடம் வாங்கப் போவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டால் எது பலித்தது என்று தெரியாது.

எவ்வளவு வர வேண்டும்?

பெட்டியில் 56 கே என்று அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை யாரும் பார்த்ததில்லை. 56 கே மோடங்களுக்கான வி.90 தரம் 1998இல் வந்தது. பதிவிறக்கத்துக்கு அதன் உச்சம் 56,000 பிட். அமெரிக்காவில் லைனில் செலுத்தும் மின்திறனுக்கு வரம்பு இருப்பதால் அங்கே 53,333இலேயே நின்றுவிடும். நல்ல லைனில் 44,000 முதல் 50,000 வரை கிடைத்தால் திருப்திப்படலாம். பதிவேற்றம் வி.90இல் அதிகபட்சம் 33,600தான். 2000இல் வந்த வி.92 அதை 48,000 வரை உயர்த்துகிறது. ஆனால் மறுமுனையில் உள்ள சேவை நிறுவனமும் வி.92 வைத்திருக்க வேண்டும்.

இது வினாடிக்கு எத்தனை பிட் என்ற கணக்கு. நமக்கு வேண்டியது பைட். 48,000 என்றால் எட்டால் வகுத்து 6,000 பைட். நெறிமுறைத் தலைப்புகளுக்குப் போனது போக ஏறத்தாழ 5.5 கேபி மிஞ்சும். ஒரு எம்பி கோப்பு இறங்க மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அதே கோப்பை 33,600இல் மேலே ஏற்ற நாலரை நிமிடத்துக்கு மேல். உங்களுக்கு இந்த அளவு ஏற்கெனவே கிடைக்கிறதென்றால் லைனையும் மோடத்தையும் நோண்டாதீர்கள். கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

இணைந்ததும் திரையில் 115,200 என்று தெரிந்தால் மகிழ வேண்டாம். அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். லைன் வேகம் அல்ல. மோடம் தன் லைன் வேகத்தைச் சொல்லும்படி அமைக்கப்படாததால் வரும் எண் அது. பல மோடங்களில் 'டபிள்யூ2' என்ற கட்டளையைத் தொடக்கச் சரத்தில் (அழைக்கும் முன் கணினி மோடத்துக்கு அனுப்பும் கட்டளை வரிசை) சேர்த்தால் உண்மை எண் வரும். மோடம் கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். எல்லாம் 'ஏடி' என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும். ஒரே கட்டளைக்குச் சில்லுக்குச் சில்லு பொருள் மாறும் என்பதால், மோடத்தின் கையேட்டில் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

உண்மை எண் கிடைத்ததும் அதைக் கூர்ந்து பாருங்கள். அது வேகத்தை மட்டும் சொல்வதில்லை. வி.90க்கு முந்தைய வி.34 தரத்தின் வேகங்கள் 2,400இன் மடங்குகள்: 21,600, 24,000, 26,400, 28,800, 31,200, 33,600. வி.90இன் வேகங்கள் 28,000இல் தொடங்கி 1,333 பிட் படிகளாக ஏறும்: 29,333, 30,667, 42,667, 45,333, 49,333 என்று போகும். ஆகவே 28,800 என்று வந்தால் மோடம் வி.90ஐக் கைவிட்டு வி.34க்கு இறங்கிவிட்டது என்று பொருள். 29,333 என்று வந்தால் வி.90இல்தான் இருக்கிறது, லைனில் இரைச்சல் மட்டும் அதிகம். பார்வைக்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்கள். மருந்து இரண்டுக்கும் வேறு.

பத்து முறை குறித்து வையுங்கள்

ஒரு தாளில் பத்து இணைப்புகளுக்கு இவற்றை எழுதுங்கள்: நேரம், அழைத்த எண், இணைந்த வேகம், மழையா வெயிலா, இடையில் அறுந்ததா, ஒரு குறிப்பிட்ட கோப்பு இறங்க எடுத்த வினாடிகள். கோப்பு ஏற்கெனவே சுருக்கப்பட்டதாக, 300 கேபி அளவுள்ள ஜிப்பாக இருக்கட்டும். எழுத்துக் கோப்பை வைத்துச் சோதித்தால் மோடமே அதை வழியில் சுருக்கி அனுப்பி, இல்லாத வேகத்தைக் காட்டும். கூடுமானால் சேவை நிறுவனத்தின் சொந்தச் சர்வரிலிருந்தே இறக்குங்கள். தொலைதூரத் தளத்தின் நெரிசல் கணக்கில் கலக்காது.

பத்து வரி சேர்ந்ததும் தாளே பேசும். மழை நாளில் மட்டும் வேகம் விழுகிறதா? எங்கோ ஒரு கம்பி இணைப்பில் ஈரம் இறங்குகிறது. மாலையில் மட்டும், அதுவும் இணைந்த வேகம் நன்றாக இருந்து கோப்பு மட்டும் மெதுவாக வருகிறதா? சேவை நிறுவனத்தின் பக்கம் நெரிசல். உங்கள் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. ஓர் எண்ணுக்கு 31,200, இன்னோர் எண்ணுக்கு 46,667 வருகிறதா? முதல் எண்ணுக்குப் போகும் பாதையில் கோளாறு. நிறுவனம் தரும் எல்லா எண்களையும் ஒரு முறையாவது முயன்று பார்க்க வேண்டியது இதற்காகத்தான். பழைய பட்டியலில் உள்ள எண்களை அப்படியே நம்பவும் வேண்டாம். டயல்-அப் சேவைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன, ஏஓஎல்கூட 2025 செப்டம்பரில் நிறுத்திவிட்டது.

லைன்: முதல் கருவி காது

மோடத்தைக் கழற்றிவிட்டு, அதே பிளக்கில் கம்பியுள்ள சாதாரணத் தொலைபேசியைச் செருகுங்கள். கார்ட்லெஸ் உதவாது; அதன் இரைச்சலே கேட்கும். டயல் டோன் வந்ததும் ஏதாவது ஓர் இலக்கத்தை அழுத்துங்கள். டோன் நின்று சில வினாடி அமைதி இருக்கும். அந்த அமைதியைக் கேளுங்கள்.

"ம்ம்ம்" என்ற ரீங்காரம் இருந்தால் மின்கம்பிக்குப் பக்கத்திலேயே தொலைபேசிக் கம்பி ஓடுகிறது, அல்லது இரட்டைக் கம்பியில் ஒன்று எங்கோ தரையைத் தொடுகிறது. "கர்ர் கர்ர்" என்று பொரிந்தால் துருப்பிடித்த அல்லது தளர்ந்த இணைப்பு. வேறு யாரோ பேசுவது தூரத்தில் கேட்டால் பக்கத்து ஜோடிக் கம்பியின் சத்தம் கசிகிறது. பேச்சுக்கு இதெல்லாம் பெரிய தொல்லை இல்லை. மனிதக் காது இட்டு நிரப்பிக்கொள்ளும். 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான சின்ன இடைவெளியின் ஒவ்வோர் ஓரத்தையும் பயன்படுத்தும் மோடத்துக்கு அந்த ஒவ்வொரு பொரிதலும் ஒரு பிழை.

அடுத்தது, கோளாறு வீட்டுக்குள்ளா வெளியிலா என்று பிரிப்பது. தொலைபேசி லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு பெட்டி இருக்கும். பல பெட்டிகளில் சோதனைக்கென்று ஒரு பிளக் உண்டு; அதில் செருகினால் வீட்டு வயரிங் முழுவதும் விடுபட்டு, வெளி லைன் மட்டும் நேரே வரும். மடிக்கணினியையும் மோடத்தையும் அங்கே தூக்கிக்கொண்டு போய் மூன்று முறை இணையுங்கள். அங்கே 46,667, அறையில் 33,600 என்றால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறார். அங்கேயும் அதே 33,600 என்றால் வீட்டுக்குள் எதையும் பிரிக்க வேண்டாம்.

வீட்டுக்குள் என்று தெரிந்தால் இந்த வரிசையில் தேடுங்கள்.

1. லைனில் தொங்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள்: மற்ற தொலைபேசிகள், ஃபேக்ஸ், பதிவுக் கருவி, பழைய டிஎஸ்எல் ஃபில்டர், எழுச்சித் தடுப்பான் (சர்ஜ் ப்ரொடெக்டர்) வழியாகப் போகும் லைன். மோடம் மட்டும் மிஞ்சட்டும். வேகம் ஏறினால் ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகி எது கெடுக்கிறது என்று பாருங்கள். எழுச்சித் தடுப்பான்தான் பல வீடுகளில் ஆள்; ஒரு முறை மின்னல் தாங்கிய தடுப்பான் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், லைனை மட்டும் மெல்லத் தின்னும். திருட்டு அலாரம் லைனோடு இணைந்திருந்தால் நீங்களாகக் கழற்றாதீர்கள். அதை வைத்தவர்களைக் கேளுங்கள்.

2. சுவரிலிருந்து மோடம் வரை போகும் கயிறு. தட்டையான, வெள்ளி நிற நீட்டிப்புக் கம்பி பத்து மீட்டர் ஓடினால் அது கம்பி அல்ல, ஆன்டெனா. உள்ளே ஜோடி முறுக்கப்படாததால் பக்கத்து மின்கம்பியின் ரீங்காரத்தை அப்படியே பிடிக்கும். முறுக்கு ஜோடிக் கம்பி போடுங்கள், இரண்டு மீட்டருக்குள் முடித்தால் இன்னும் நல்லது. மின்கம்பியைத் தாண்ட வேண்டியிருந்தால் செங்குத்தாகக் குறுக்கே போகட்டும். இணையாகக் கூடவே ஓட விடாதீர்கள்.

3. சுவர் பிளக்கின் உள்ளே. மூடியைக் கழற்றினால் இரண்டு திருகுகளில் இரண்டு கம்பிகள் மாட்டியிருக்கும். செம்பு பச்சை பூத்திருந்தாலோ, திருகு கையால் ஆடினாலோ அதுதான் இடம். கம்பியின் நுனியை வெட்டி, புதிதாக ஒரு சென்டிமீட்டர் தோலுரித்து, திருகு முறுகும் திசையிலேயே சுற்றி இறுக்குங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்க இறுக்க வெளியே தள்ளிவிடும். கவனம்: சும்மா இருக்கும் லைனில் ஏறத்தாழ 48 வோல்ட் இருக்கும், மணி அடிக்கும்போது 90 வோல்ட் மாறுமின்சாரம் பாயும், நன்றாகவே அதிரும். நுழைவுப் பெட்டியில் லைனைப் பிரித்துவிட்டு வேலை செய்யுங்கள். இடி மின்னல் இருந்தால் தொடவே வேண்டாம்.

4. பயன்படாத பிளக்குகளுக்குப் போகும் கிளைக் கம்பிகள். முனையில் ஒன்றுமே இல்லாமல் தொங்கும் நீளக் கம்பி உயர் அதிர்வெண்களை எதிரொலித்துத் திருப்பி அனுப்பும். நுழைவுப் பெட்டியிலிருந்து மோடம் இருக்கும் அறைக்குத் தனியாக ஒரே கம்பி இழுத்துவிட்டால் மேலே உள்ள மூன்று தொல்லைகளும் ஒன்றாகப் போகும்.

கோளாறு வெளியில் என்றால் கதை வேறு. வி.90 வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: சேவை நிறுவனத்திலிருந்து உங்கள் வீடு வரை டிஜிட்டல் ஒருமுறைதான் அனலாகாக மாற வேண்டும். வழியில் இரண்டாம் முறை மாறினால் மோடம் வி.34க்கு இறங்கிவிடும், உச்சம் 33,600. ஒரே செம்பு ஜோடியில் இரண்டு மூன்று வீடுகளுக்கு லைன் பிரித்துக் கொடுக்கும் கருவி, அலுவலக பிபிஎக்ஸ் (உள் தொலைபேசி இணைப்பகம்) ஆகியவை இப்படிச் செய்யும். ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல் நீளும் லைன்களில் பேச்சுத் தெளிவுக்காகப் போடும் லோடு காயில் என்ற கம்பிச்சுருளும் வேகத்தைக் கொல்லும். சோதனைப் பிளக்கிலும் எப்போதும் 2,400இன் மடங்குகள் மட்டுமே வந்தால் இவற்றில் ஒன்று என்று கொள்ளுங்கள்.

தொலைபேசி நிறுவனத்தை அழைத்து "நெட் மெதுவாக இருக்கிறது" என்று சொன்னால் "சேவை நிறுவனத்தைக் கேளுங்கள்" என்று வைத்துவிடுவார்கள். அவர்கள் பொறுப்பேற்பது பேச்சுக்கு மட்டும். "பேசும்போது பொரிகிறது, ரீங்காரம் வருகிறது, ஃபேக்ஸ் அறுகிறது" என்று, காதால் கேட்டதைச் சொல்லுங்கள். வரும் லைன்மேனிடம், லைன் பகிர்வுக் கருவியில் இருக்கிறதா, லோடு காயில் இருக்கிறதா, வேறு காலி ஜோடி உண்டா என்ற மூன்றைக் கேளுங்கள். ஜோடியை மாற்றிக் கொடுப்பது அவருக்குச் சின்ன வேலை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அலுவலகக் கணினியில் ஒரு 56 கே மோடம் மாட்டி, வீட்டு மோடத்திலிருந்து நேரே அதை அழைத்தால் 33,600க்கு மேல் ஒருநாளும் வராது. இரண்டு முனையும் அனலாக். மறுமுனை டிஜிட்டல் லைனில் உட்கார்ந்திருந்தால்தான் வி.90.

லைன் செம்பில் இல்லாவிட்டால்

இப்போது பல இடங்களில் சுவரில் உள்ள தொலைபேசிப் பிளக் ஒரு ஃபைபர் பெட்டியிலோ இணையத் தொலைபேசி அடாப்டரிலோ போய் முடிகிறது. குரல் பொட்டலங்களாகப் போகிறது. ஒரு பொட்டலம் தாமதித்தாலோ தொலைந்தாலோ மோடம் தடுமாறி ரீட்ரெயினுக்கு, அதாவது லைனை மறுபடி அளவெடுக்க, போகும். அந்த அடாப்டரில் கோடெக் (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறை) ஜி.711 ஆக இருக்க வேண்டும், ஜி.729 போன்ற சுருக்கும் கோடெக்கில் மோடம் இணையவே செய்யாது. மௌனத்தை வெட்டும் வசதியை அணையுங்கள், பொட்டலங்களின் தாமத ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் ஜிட்டர் பஃபரை நிலையானதாக வையுங்கள். டி.38ஐ முடுக்கினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது ஃபேக்ஸுக்கானது. இத்தனைக்குப் பிறகும் வேகத்தை 14,400க்கோ 9,600க்கோ கட்ட வேண்டியிருக்கலாம். அந்தப் பெட்டிக்குள் ஏற்கெனவே பிராட்பேண்ட் ஓடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். தொலைவில் உள்ள கருவியை மோடம் வழியாக மட்டுமே தொட முடியும் என்றால் ஒழிய, அதில் டயல்-அப் ஓட்ட வேண்டிய காரணம் இல்லை.

மோடமும் கணினியும்

இணைந்த வேகம் 48,000. கோப்போ வினாடிக்கு 3.8 கேபிக்கு மேல் ஏற மறுக்கிறது. ஆடாமல் அசையாமல் ஒரே அளவில் நிற்கிறது. இந்த அறிகுறியைப் பார்த்ததும் போர்ட் வேகத்தை, அதாவது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகத்தை, பாருங்கள். 38,400 என்று இருக்கும். சீரியல் கம்பியில் ஒரு பைட்டுக்கு எட்டு பிட்டோடு தொடக்கம், முடிவு என்று இரண்டு சேர்ந்து பத்து பிட் செலவாகும்; 38,400ஐப் பத்தால் வகுத்தால் 3,840 பைட். லைன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்கு மேல் உள்ளே வராது. விண்டோஸில் கன்ட்ரோல் பேனலின் மோடம் பகுதியில் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து 'மேக்ஸிமம் போர்ட் ஸ்பீட்' 115,200 என்று வையுங்கள்.

அடுத்து ஃப்ளோ கன்ட்ரோல்: கணினியும் மோடமும் ஒன்றையொன்று "நிறுத்து, அனுப்பு" என்று கட்டுப்படுத்தும் முறை. 'ஹார்டுவேர்' என்றே இருக்க வேண்டும். மென்பொருள் வகையில் இருந்தால், கோப்புக்குள் தற்செயலாக வரும் சில பைட்டுகளை "நிறுத்து" என்ற சைகையாக எடுத்துக்கொண்டு ஓட்டம் நின்றுவிடும். கணினியில் மட்டும் மாற்றினால் போதாது, மோடத்திலும் மாற வேண்டும். சரியான டிரைவர் இருந்தால் அதுவே செய்யும். டிரைவர் பட்டியலில் 'ஸ்டாண்டர்ட் மோடம்' என்று பொதுப்பெயரில் இருப்பதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கே இந்தத் தொல்லை அதிகம். மோடத்தின் சொந்த டிரைவரைப் போடுங்கள். தொடக்கச் சரத்தில் பழைய குறிப்புகளிலிருந்து ஒட்டிய நீளமான கட்டளைகள் இருந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பும் 'ஏடி & எஃப்' வகைக் கட்டளையிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். யுஎஸ் ரோபோடிக்ஸ் மோடங்களில் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோலுக்கு '& எஃப்1'.

மிகப் பழைய கணினியில் வெளி மோடம் என்றால் சீரியல் சில்லையும் பார்க்க வேண்டும். 115,200இல் 87 மைக்ரோ வினாடிக்கு ஒரு பைட் வந்து விழும். 8250, 16450 சில்லுகளில் ஒரே ஒரு பைட்டுக்குத்தான் இடம். கணினி கண்ணிமைத்தால் அது போயிற்று. 16550ஏ சில்லில் 16 பைட்டுக்கு இடம் உண்டு. சில்லு சரியாக இருந்தும், அந்த இடத்தைப் பயன்படுத்தச் சொல்லும் 'யூஸ் ஃபிஃபோ பஃபர்ஸ்' பெட்டியில் டிக் இல்லாமல் இருப்பதும் நடக்கும்.

உள்ளே செருகும் மலிவு மோடங்கள் பலவும் தங்கள் வேலையைக் கணினியின் மையச் செயலி மேல் போடுபவை. வைரஸ் சோதனை ஓடும் நேரத்தில் இணைப்பு அறுகிறது என்றால் இதுவே காரணம். தினமும் எட்டு மணி நேரம் லைனில் இருப்பவர்கள் வெளியே வைக்கும் சீரியல் மோடம் வாங்குவதே நல்லது. விளக்குகளைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம்.

எண்ணைவிட நிலைப்பு

50,667 என்று இணைந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் உறைந்து, பத்துப் பதினைந்து வினாடி கழித்துத் திரும்ப உயிர் வருகிறதா? லைனில் பிழை பெருகியதால் இரு மோடங்களும் பேச்சை நிறுத்தி, தங்களை மறுபடி அளவெடுத்துக்கொள்கின்றன. இதுதான் ரீட்ரெயின். அந்த நேரத்தில் ஒரு பைட்டும் நகராது. ஆடாமல் ஓடும் 42,667 இதைவிட வேகம்.

இணைப்பைத் துண்டித்த உடனே, டெர்மினல் நிரலில் (மோடத்துக்கு நேரே கட்டளை தட்ட உதவும் நிரல்) மோடத்திடம் அறிக்கை கேளுங்கள். யுஎஸ் ரோபோடிக்ஸில் 'ஏடிஐ6', 'ஏடிஐ11'; ராக்வெல், கோனெக்சன்ட் சில்லுகள் பலவற்றில் 'ஏடி & வி1'. வரும் பட்டியலில் மூன்று வரிகள் போதும்: முதலில் இணைந்த வேகமும் கடைசி வேகமும், ரீட்ரெயின் எண்ணிக்கை, பிழையால் திரும்ப அனுப்பிய தொகுதிகள். 50,667இல் தொடங்கி 41,333இல் முடிந்து, ஒரு மணி நேரத்தில் ரீட்ரெயின் எட்டு என்று இருந்தால் மோடம் தானே சொல்லிவிட்டது, இந்த லைன் எவ்வளவு தாங்கும் என்று. அந்தக் கடைசி வேகத்துக்கு ஒரு படி மேலே உச்ச வரம்பு போடுங்கள். பல சில்லுகளில் '+எம்எஸ்' என்று தொடங்கும் கட்டளை இதற்கானது. அதன் பின்னால் வரும் எண்களின் வரிசையைக் கையேட்டில் பார்த்து எழுதுங்கள். வி.90 சற்றும் பிடிக்காத லைனில் அதே கட்டளையால் வி.34 மட்டும் என்று கட்டிவிடுங்கள். 31,200இல் நாள் முழுக்க நிற்கும். இணையும் நேரமும் குறையும்.

இணையும்போது ஒலிபெருக்கியை அணைத்து வைக்காதீர்கள். நல்ல லைனில் கீச்சும் இரைச்சலும் முப்பது வினாடிக்குள் முடியும். அதே ஒலி வரிசை நடுவில் நின்று மறுபடி முதலிலிருந்து வந்தால், ஒரு முறை பேரம் முறிந்து குறைந்த வேகத்துக்கு மறுபேரம் நடக்கிறது. துண்டித்து வேறு எண்ணை அழைப்பது நேர மிச்சம்.

அடிக்கடி அறுவதற்கு இரண்டு சின்னக் காரணங்கள் உண்டு. ஒன்று, கால் வெயிட்டிங்: யாரோ அழைக்கும்போது வரும் பீப் ஒலி கேரியரை (இரு மோடங்களுக்கும் இடையே தொடர்ந்து ஓடும் ஒலி) துண்டிக்கும். அதை அந்த ஓர் அழைப்புக்கு அணைக்கும் குறியீட்டைத் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டு, டயல் செய்யும் எண்ணுக்கு முன்னால் சேர்த்து, பின்னால் ஒரு காற்புள்ளி போடுங்கள். காற்புள்ளி என்றால் வழக்கமாக இரண்டு வினாடி காத்திருப்பு. இரண்டு, எஸ்10 பதிவேடு: கேரியர் போன பிறகு எவ்வளவு பொறுக்கலாம் என்பதைப் பத்தில் ஒரு வினாடி அளவில் சொல்வது. வழக்கமாக 7 அல்லது 14 என்று இருக்கும். 50 என்று வைத்தால் ஐந்து வினாடி பொறுக்கும், சின்னப் பொரிதலுக்கெல்லாம் அறாது. 255 வரை ஏற்ற வேண்டாம். சில மோடங்கள் லைன் செத்த பிறகும் தொலைபேசியை வைக்காமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

வாய்ஸ்மெயில் வந்திருக்கும் நாட்களில் "டயல் டோன் இல்லை" என்று மோடம் அழைக்க மறுத்தால் அது கோளாறல்ல. விட்டு விட்டு ஒலிக்கும் டோனை அது அடையாளம் காணவில்லை. 'எக்ஸ்3' சேர்த்தால் டோனைப் பாராமல் அழைக்கும்.

இயங்குதள அமைப்புகள்

இங்கே அதிகம் இல்லை. டயல்-அப் இணைப்பின் அமைப்பில் டிசிபி/ஐபி மட்டும் டிக் இருக்கட்டும்; நெட்பியூஐ, ஐபிஎக்ஸ் என்ற பழைய நெறிமுறைகள் இரண்டையும் எடுத்துவிட்டால் உள்நுழைவு சில வினாடி விரைவாகும். ஐபி தலைப்புச் சுருக்கம் இயங்கட்டும். 40 பைட் தலைப்பை ஐந்து பைட்டுக்குள் சுருக்கும். தொலைமுனையத்தில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது கண்கூடாகத் தெரியும்.

எம்டியு (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு, பைட்டில்) 1,500ஆக இருப்பது கோப்பு இறக்குபவருக்கு நல்லது. முனையத்தில் வேலை செய்துகொண்டே பின்னால் மெயில் அனுப்புபவருக்குக் கெட்டது. 33,600 பதிவேற்றத்தில் 1,500 பைட் பொட்டலம் ஒன்று வெளியேற 357 மில்லிவினாடி. நீங்கள் தட்டிய எழுத்து அதன் பின்னால் வரிசையில் நிற்கும். 576 ஆக்கினால் 137 மில்லிவினாடி.

பின்னணியில் ஓடும் தானியங்கிப் புதுப்பிப்பு, மேகச் சேமிப்பு ஒத்திசைவு, அரட்டை நிரல்கள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதும் மோடத்தின் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் யாரோ குழாயைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

வேலையை லைனுக்கேற்ப வெட்டுவது

மெயிலில் கோப்பு இணைத்தால் அது எழுத்துகளாக மாற்றப்பட்டு மூன்றில் ஒரு பங்கு பெருகும். 900 கேபி கோப்பு 1.2 எம்பி ஆகும். மோடத்தின் வி.42பிஸ் சுருக்கம் அதில் ஒரு பகுதியை மீட்டுத் தரும். ஆனால் மெயில் இப்போது குறியாக்கப்பட்டே போகிறது. குறியாக்கிய தரவை மோடத்தால் சுருக்க முடியாது. விபிஎன் போட்டதும் "பாதி வேகம் போயிற்று" என்று சொல்வதன் காரணமும் இதே. சுருக்கம் குறியாக்கத்துக்கு முன்னாலேயே நடந்தாக வேண்டும்: கோப்பை ஜிப் செய்துவிட்டு அனுப்புங்கள், எஸ்எஸ்எச்சில் பெரிய 'சி' தேர்வைப் போடுங்கள், விபிஎன் நிரலில் சுருக்கம் இருந்தால் முடுக்குங்கள்.

மெயில் நிரலில் தலைப்புகளை மட்டும் இறக்கும்படியோ, 50 கேபிக்கு மேற்பட்டதைக் கேட்டால் மட்டும் இறக்கும்படியோ வையுங்கள். யாரோ அனுப்பிய ஐந்து எம்பி படம் பெட்டியின் முதலில் நின்றால், அதன் பின்னால் இருக்கும் அவசர வரி பதினாறு நிமிடம் காத்திருக்கும்.

தொலைநிலை டெஸ்க்டாப் ஓடும், பொறுமை இருந்தால். 'எக்ஸ்பீரியன்ஸ்' பக்கத்தில் மோடம் வேகத்தைத் தேர்ந்தெடுங்கள், வண்ணத்தை 256க்கு இறக்குங்கள், திரையளவைச் சிறிதாக்குங்கள், பின்னணிப் படத்தை எடுங்கள். அதைவிட, எழுத்து முனையத்தில் முடியும் வேலையை அங்கேயே முடியுங்கள். சர்வரில் ஸ்க்ரீன் அல்லது டிமக்ஸ் உள்ளே வேலை செய்தால் லைன் அறுந்தாலும் நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். திரும்ப அழைத்து, விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். மோஷ் நிரல் நீங்கள் தட்டும் எழுத்தை மறுமுனைப் பதிலுக்குக் காத்திராமல் திரையில் காட்டும். 200 மில்லிவினாடித் தாமதத்தில் அது பெரிய ஆறுதல்.

கோப்புகளை நேரே நெட்வொர்க் டிரைவில் திறந்து திருத்தாதீர்கள். ஒவ்வொரு 'சேவ்'வுக்கும் முழுக் கோப்பும் மேலே ஏறும். ஒரு பிரதியை வீட்டுக் கணினியில் வைத்துத் திருத்தி, ஆர்சிங்க் போன்ற நிரலால் மாறிய பகுதியை மட்டும் அனுப்புங்கள். அதில் 'பார்ஷியல்' தேர்வைச் சேர்க்க மறக்காதீர்கள். 80 விழுக்காட்டில் லைன் அறுந்தால் அடுத்த முறை மிச்சம் 20 மட்டும் போகும். பெரிய பதிவேற்றங்களைச் சாப்பாட்டு நேரத்துக்கும், வேலை முடித்து எழும் நேரத்துக்கும் ஒதுக்கி வையுங்கள். சேவை நிறுவனம் ஒரு மணிக்கோ நாலு மணிக்கோ ஒருமுறை தானாகத் துண்டிக்கிறதா என்பதை உங்கள் பத்து வரித் தாளில் பார்த்து, அந்தக் கெடு வருவதற்கு முன் நீங்களே துண்டித்து மறுபடி அழைத்துவிட்டு அனுப்பத் தொடங்குங்கள்.